கன்னரதேவன் எங்கே போனான்? – ஒரு எக்செல் மேக்ரோவும் திருநாவலூர்க் கல்வெட்டுகளும்

"தம்பி, கன்னரதேவன் எங்க போயிட்டான்?"

போன வருடம் திருநாவலூரில் ஒரு சின்னக் கூட்டத்தில் பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி இது. இருபது, இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பக்தஜனேசுவரர் கோயில் சுவர்களில் உள்ள எழுத்துகளை டார்ச் அடித்து, விரலால் தடவி, பல வருடங்களாகத் தானே வாசித்து வருபவர். நான் மென்பொருள்காரன். பி.இ. முடித்த நாளிலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வரலாறு எனக்கு சனி, ஞாயிறு வேலை.

அன்று நான் திரையில் காட்டியது திருநாவலூர்க் கல்வெட்டுகளின் எக்செல் அட்டவணை. ஒவ்வொரு அரசருக்கும் தனித்தனி ஷீட். முதலாம் பராந்தகன் ஷீட்டை வைத்து ஒரு முடிவும் சொன்னேன். அதாவது, பராந்தகனின் மகன் ராஜாதித்தன் இந்த ஊரில் வந்து தங்குவதற்கு முன்பே, கி.பி. 925 முதல் 935 வாக்கிலேயே, இங்கே விளக்குக் கொடைகள் நிறைய வந்திருக்கின்றன. இளவரசன் வந்ததால் கோயில் வளரவில்லை, வளர்ந்துகொண்டிருந்த கோயிலுக்குத்தான் இளவரசன் வந்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கைகூடத் தட்டினார்கள்.

ஆசிரியர் தட்டவில்லை. "கன்னரதேவன் பேர நான் என் கண்ணால படிச்சிருக்கேன் தம்பி. உங்க லிஸ்ட்ல ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னரதேவனை நான் டைப் செய்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இருக்குங்க ஐயா, பார்த்துச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

அன்றிரவு சென்னை திரும்பும் பஸ்ஸில் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஐயா சொன்னது சரி. அரசர் வாரியான ஷீட்டுகளில் கன்னரதேவன் பெயரில் ஒன்றுமே இல்லை.

கன்னரதேவன் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைத்தான் நம்மூர்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்கின்றன. ஆட்சி கி.பி. 939 முதல் 967 வரை. தலைநகரம் மானியகேடம், இன்று கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கம் இருக்கும் மால்கேட். சோழர்கள் வடக்கிலிருந்து அவன் வருவான் என்று எதிர்பார்த்தார்கள். அதனால்தான் பராந்தகன் தன் மகன் ராஜாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு நிறுத்தி வைத்திருந்தான். திருநாவலூருக்கு ராஜாதித்தபுரம் என்று ஒரு பெயர் வந்தது அந்தக் காலத்தில். இளவரசனோடு மலைநாட்டு வீரர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான வெள்ளங்குமரன் என்ற தளபதிதான் கிராமம் என்ற ஊரில் (ஊர்ப் பெயரே கிராமம்தான்) சிவன் கோயிலைக் கல்லால் கட்டினார். ராஜாதித்தனின் தாய் கோக்கிழானடிகளின் பணிப்பெண் சித்திரகோமளம் திருநாவலூர்க் கோயிலுக்கு விளக்கு வைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. சேவகர்களும் பணிப்பெண்களும் விளக்கு வைத்த கோயில் இது. பாசறை என்றாலும் ஒரு குடும்பமே இங்கே வாழ்ந்த மாதிரிதான் தோன்றுகிறது.

கி.பி. 949-இல் தக்கோலத்தில் போர். ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். கொன்றவன் கிருஷ்ணனின் கூட்டாளியான கங்க அரசன் பூதுகன். இதைச் சொல்லும் கல்வெட்டு கர்நாடகத்தில் ஆதகூரில் கிடைத்தது. அதன்பின் தொண்டை மண்டலமும் திருமுனைப்பாடியும் கிருஷ்ணன் கைக்குப் போயின. கல்வெட்டுகளில் சோழ ஆட்சியாண்டு போய், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்க்கு யாண்டு இத்தனை' என்று வர ஆரம்பிக்கிறது. திருநாவலூரிலும் அப்படித்தான்.

ஆக, இந்த ஊரின் பத்தாம் நூற்றாண்டு வரலாற்றை 949-தான் இரண்டாக வெட்டுகிறது. என் எக்செல் ஃபைலில் அந்த வெட்டே இல்லை.

எப்படிப் போனான் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே கல்வெட்டுப் பட்டியல் தயாரிக்கும் நண்பர்கள் இன்று நிறையப் பேர். இதே பள்ளத்தில் அவர்களும் விழ வாய்ப்பு இருக்கிறது.

திருநாவலூர்க் கல்வெட்டுகள் 1902-இல் அரசுக் கல்வெட்டுத் துறையால் படியெடுக்கப்பட்டவை. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் ஊர்ப் பெயர் திருநாமநல்லூர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஏழாம் தொகுதியிலும் எபிகிராஃபியா இண்டிகாவிலும் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒரே ஷீட்டில் அடித்தேன். காலம் ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம்: அரசர், ஆட்சியாண்டு, கொடையாளி, அவர் ஊர், கொடை, எந்தச் சுவர். பெரிதாகிவிட்டதும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அரசர் வாரியாகப் பிரித்துத் தனி ஷீட்டுகளில் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கையால் காப்பி பேஸ்ட் செய்ய சோம்பல். மேக்ரோ எழுதினேன்.

இந்த மேக்ரோவை எழுதாத அலுவலகம் இந்தியாவில் கிடையாது. கிளை வாரியாக விற்பனை, தாலுகா வாரியாகப் பயனாளி, வகுப்பு வாரியாக மதிப்பெண் என்று எவராவது ஒருவர் எங்கேயாவது எழுதிக்கொண்டுதான் இருப்பார். வேலை ரொம்ப எளிது. முதல் சுற்றில் 'அரசர்' காலத்தில் உள்ள தனித்தனிப் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புது ஷீட் உண்டாக்கி, அந்தப் பெயரையே ஷீட்டுக்கு வைக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பெயராக ஃபில்டர் போட்டு, வருகிற வரிகளை அந்தப் பெயருள்ள ஷீட்டில் ஒட்ட வேண்டும். முப்பது வரிகூட வராது. ஷீட்டின் பெயரிலேயே அரசர் இருப்பதால், ஒட்டும்போது அரசர் காலத்தை விட்டுவிட்டேன். இடம் மிச்சம் என்று நினைப்பு.

எக்செல்லில் ஒரு ஷீட்டின் பெயர் 31 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். தெரியாத விஷயம், எக்செல் தமிழ் எழுத்தை நம்மைப் போல எண்ணுவதில்லை. நமக்கு 'தே' என்பது ஓர் எழுத்து. அதற்கு 'த' ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்' என்பதை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் இருபது எழுத்து, மூன்று இடைவெளி, மொத்தம் 23. எக்செல் கணக்கில் 36. பெயர் வைக்க முடியாது என்று அது எர்ரர் காட்ட வேண்டும்.

காட்டியிருக்கும். நான்தான் மேக்ரோவின் முதல் வரியிலேயே 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று எழுதி அதன் வாயைக் கட்டியிருந்தேன். எந்தத் தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். அலுவலகத்தில் ஜூனியர் பையன் யாராவது இதை எழுதினால் அரை மணி நேரம் கிளாஸ் எடுப்பேன். வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு, நானே எழுதினேன்.

அதனால் கன்னரதேவனுக்கு உண்டான ஷீட்டுக்குப் பெயர் அமையவில்லை. 'ஷீட்7' என்று அநாதையாக நின்றது. இரண்டாம் சுற்றில் மேக்ரோ கன்னரதேவன் வரிகளை எடுத்துக்கொண்டு அந்தப் பெயருள்ள ஷீட்டைத் தேடியது. கிடைக்கவில்லை. எர்ரர், ஆனால் வாய் கட்டியிருக்கிறது. ஷீட்டைச் சுட்டும் மாறியில் இதற்கு முன்பு கடைசியாக ஒட்டிய ஷீட்டே தங்கிவிட்டது. மேக்ரோ பாவம், கொண்டுவந்ததை அதிலேயே கீழே ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

அதற்கு முந்தைய ஷீட் யாருடையது? நான் காலவரிசையில் அடுக்கியிருந்தேன். என் பட்டியலில் கன்னரதேவனுக்கு நேர் முன்னால் நின்றவன் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி'. பராந்தகன். ராஜாதித்தனின் அப்பா.

அரசர் காலத்தை நானே வெட்டிவிட்டேனா, ஒட்டிய வரிகள் யாருடையவை என்று சொல்ல ஷீட்டில் எதுவும் இல்லை. ஆட்சியாண்டைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் பராந்தகன் 907-இல் பட்டத்துக்கு வந்து 48 ஆண்டு ஆண்டவன். கிருஷ்ணன் ஆண்டது 28 ஆண்டுதான். கிருஷ்ணனின் எந்த ஆட்சியாண்டும் பராந்தகன் கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பக்கத்துக் காலத்தில் ஆட்சியாண்டை கி.பி.-க்கு மாற்ற ஒரு ஃபார்முலா வைத்திருந்தேன். அது 907-ஐக் கூட்டிக்கொண்டே போனது. கூட்ட வேண்டியது 939. ஆக, போருக்குப் பிந்தைய கொடைகள் ஒவ்வொன்றும் 32 ஆண்டு பின்னால் தள்ளப்பட்டுவிட்டன. 957-இல் வைத்த விளக்கு 925-இல் எரிய ஆரம்பித்தது. ராஜாதித்தன் வருவதற்கு முன்பே கோயிலில் கொடைகள் குவிந்தன என்று நான் கண்டுபிடித்தது இந்த விளக்குகளைத்தான்.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மூல ஷீட்டில் எத்தனை வரி, பிரித்த ஷீட்டுகளில் மொத்தம் எத்தனை வரி என்று கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. வராமல் என்ன? ஒரு வரிகூடத் தொலையவில்லையே, வீடு மாறியதுதான் நடந்தது. காலியாகக் கிடந்த 'ஷீட்7'-ஐ, ஏதோ குப்பை என்று நினைத்து என் கையாலேயே டெலிட் செய்தேன்.

இன்னொரு சின்னத் தொல்லையும் இதில் உண்டு. 'கொண்ட' என்பதில் வரும் 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக அடிக்கலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்ரோவுக்கு அவை வேறு வேறு சொற்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்த 'மதிரை கொண்ட'வும் வேறொரு கீபோர்டில் அடித்த 'மதிரை கொண்ட'வும் இரண்டு அரசர்களாகிவிடும். ஊர்ப் பெயரிலும் இதே மாதிரிதான். திருநாமநல்லூர், திருநாவலூர் என்று இரண்டு பெயரில் ஒரே ஊர் இரண்டு ஷீட்டில் கிடந்ததை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்த தைரியத்தில்தான் மற்றதைக் கோட்டைவிட்டேன்.

அரசர் வாரியாகப் பிரிப்பதிலேயே ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அது பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். எழுத்தமைதி, கொடையாளி பெயர் என்று பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். எக்செல் காலத்தில் இருப்பது கல்லில் உள்ள பட்டம். ஷீட்டின் பெயராக நாம் நினைப்பது ஆள். இரண்டும் ஒன்றில்லை.

சரி, திருத்திய பிறகு என்ன தெரிந்தது? நான் மேடையில் சொன்னதற்கு நேர் எதிர். கொடைகளில் ஒரு பகுதி ராஜாதித்தன் இருந்த காலத்தவை. இன்னொரு பகுதி அவன் செத்த பிறகு வந்தவை. அவன் பெயரைச் சுமந்த ஊரில், அவனைத் தோற்கடித்த அரசனின் ஆட்சியாண்டைப் போட்டு, விளக்குக்குக் கொடை எழுதியிருக்கிறார்கள். அரசன் மாறியபோதும் விளக்கு அணையவில்லை. சாவா மூவாப் பேராடு என்பார்களே, ஆடு சாகாது, மூப்படையாது, ஒன்று போனால் ஒன்று வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்கும், நெய் வந்துகொண்டே இருக்கும் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு ஆண்டவன் பெயரைவிட ஆண்டு எண்தான் தேவைப்பட்டிருக்கிறது. தோற்றவர் பக்கம் நின்ற ஊர் இந்தப் பத்து, இருபது வருடங்களை எப்படிக் கடந்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை திருநாவலூரின் பெரிய கேள்வி. அந்தக் கேள்வியையே என் மேக்ரோ சத்தமில்லாமல் அழித்துவிட்டிருந்தது.

படியெடுப்பதும் பிரித்தெழுதுவதும் நம் ஊரில் புதுசில்லை. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை திருநாவலூர்க்காரருடையதுதான். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். கிழவர் ஒருவர் வந்து, 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துப் போகிறார். சபையார் மூல ஓலையை வாங்கி, அந்தப் பாட்டன் எழுதிக் காப்பில் இருந்த வேறொரு ஓலையோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆள் ஒருவர் ஆவணம் என்றால் என்ன என்று எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார் பாருங்கள். படி போனால் போகட்டும். மூலம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். மூலத்தையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். பக்தியோடு படிப்பவர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட கதை. எனக்கு இந்த ஒரு வருடமாக அது பேக்கப் பற்றிய கதையாகவும் தெரிகிறது, சுந்தரர் மன்னிக்கட்டும்.

கதைதானே என்றால், கல்லிலும் உண்டு. திருமழபாடியில் பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவு போட்டான். இடிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். புதுக் கோயில் எழுந்து, ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில்தான் அவை மறுபடி சுவரில் வெட்டப்பட்டன. கல்லிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து கல். இடையில் பத்து வருடத்துக்கு மேல். வேறு கோயில்களிலும் பழங்கல்லின் படி இது என்று கல்லிலேயே சொல்லிவிடும் வழக்கம் உண்டு. நான் ஒட்டிய ஷீட்டுகளில் 'இது படி' என்று எங்கேயும் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், எனக்கு மிகவும் பிடித்த முன்னோடி வி. ரங்காசார்யா. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் படியெடுத்த வருட வரிசையில் இருக்கும். 1902-ஆம் ஆண்டின் இத்தனையாவது எண் என்பதுதான் ஒரு கல்வெட்டின் முகவரி. உங்கள் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு அறிக்கையாகப் புரட்ட வேண்டும். ரங்காசார்யா அதுவரை வந்ததையெல்லாம் மாவட்டம், தாலுகா, ஊர் என்று பிரித்து மூன்று தொகுதிகளாக 1919-இல் வெளியிட்டார். ஒரு பெரிய ஷீட்டை ஊர் வாரியாக வெட்டி ஒட்டும் வேலைதான் இது. எக்செல் கிடையாது, ஃபில்டர் கிடையாது. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நான் செய்யவில்லை. பிரித்தெழுதிய ஒவ்வொரு வரியிலும் பழைய முகவரியை விடாமல் எழுதியிருக்கிறார். அவர் ஒரு கல்வெட்டைத் தப்பான ஊரில் போட்டிருந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போய்விடலாம். அவர் தொகுதியில் திருநாவலூர் தென்னார்க்காட்டில் இருக்கும். 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் வந்தது. 2019-இல் விழுப்புரம் பிரிந்து கள்ளக்குறிச்சி வந்தது. நூறு வருடத்தில் ஊர் மூன்று ஷீட் மாறிவிட்டது. எண் மாறவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்த பெரிய வேலை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் செய்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து மூன்று தொகுதிகளாக 1978-இல் மதுரையிலிருந்து வந்தது. அவர்கள் அரசர் வாரியாக வெட்டவில்லை. சோழர் காலத்தை நான்கு பெரிய கட்டங்களாக வைத்துக்கொண்டார்கள்: 849–985, 985–1070, 1070–1178, 1178–1279. உடையான், அரையன் போன்ற பட்டங்கள் எந்தக் கட்டத்தில் கூடுகின்றன, எங்கே குறைகின்றன என்று பார்க்க அது போதும். எந்தக் கேள்விக்காக வெட்டுகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வெட்டினார்கள். எனக்கு அரசர்கள் வரிசை பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஆகியிருந்தது, அதனால் அரசர் வாரியாக வெட்டினேன். அவ்வளவுதான் காரணம்.

பஸ்ஸில் தப்பைக் கண்டுபிடித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் போனதும் தூக்கம் வராமல் மேக்ரோவைத் திருத்தினேன். நீளமான பெயர்களுக்குப் பதில் சுருக்கக் குறியீடு, வாய்க்கட்டு நீக்கம், எல்லாம் சரி. பழைய ஷீட்டுகளைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஒட்டும்படி எழுதி ஓட்டினேன். கன்னரதேவன் தன் ஷீட்டில் வந்து உட்கார்ந்தான். நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு ஆசிரியர் போனில் சொல்லச் சொல்ல, எந்தக் கல்வெட்டு எந்தச் சுவரில், எந்த அடுக்கில், இன்று வாசிக்க முடிகிறதா, அச்சில் உள்ளதற்கும் கல்லில் உள்ளதற்கும் எங்கே வித்தியாசம் என்று எல்லாவற்றையும் அடித்து வைத்திருந்தேன். எங்கே அடித்தேன்? மூல ஷீட்டில் இல்லை. பார்க்க வசதியாக இருந்ததே என்று பிரித்த ஷீட்டுகளில். அத்தனையும் போயிற்று. ஃபைலைச் சேமித்து மூடியும் விட்டிருந்தேன். பழைய பிரதி ஒன்று இருந்தது, அது அந்த போன் பேச்சுக்கு முந்தையது.

அச்சில் உள்ளதை நான் எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஐயா சொன்னது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அதற்கப்புறம் ஒழுங்காக அமைத்துக்கொண்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது எழுதுவது ஒரே ஒரு ஷீட்டில். முதல் காலத்தில் ஆண்டறிக்கை எண், அது இல்லாமல் எந்த வரியும் எங்கேயும் போகாது. அரசர் காலம் எல்லா இடத்துக்கும் கூடவே போகும். கல்லில் உள்ள பட்டம் ஒரு காலம், நான் நினைக்கும் அரசர் இன்னொரு காலம், ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது மூன்றாவது. தமிழ்ச் சொற்களை ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானில் ஒரு சின்ன நிரல். தனி ஷீட்டுகள் இப்போதும் உண்டு, ஆனால் ஒட்டிய படிகள் இல்லை. ஃபில்டர் ஃபார்முலா வைத்து மூலத்தைப் பார்க்கும் ஜன்னல்கள். அதில் டைப் செய்ய முயன்றால் ஃபார்முலா உடைந்து உடனே கத்தும். கத்தட்டும். சரிபார்ப்பதும் மொத்த எண்ணிக்கையை வைத்து இல்லை. ஒவ்வொரு அரசருக்கும் தனித்தனியாக இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கிறேன். அரசர் வாரி ஜன்னலைவிட நான் இப்போது அதிகம் திறப்பது கி.பி. ஆண்டு வரிசையில் எல்லா அரசரையும் கலந்து காட்டும் ஜன்னல். 949-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே திரையில் தெரிகிறது.

ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரிலேயே போனேன். மேடையில் சொன்னது தப்பு என்பதை முதலில் சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். வெளி ஆட்சியாண்டு வரிகள் பராந்தகன் ஷீட்டில் ஒட்டிக்கொண்டதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். "அப்பன் பேர்ல எதிராளிய சேத்துட்டீங்களே தம்பி." பிறகு இரண்டாவது விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சொன்னதையெல்லாம் அழித்துவிட்டேன் ஐயா.

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அட்டை பிய்ந்து, செய்தித்தாள் போட்டு மறுபடி ஒட்டியிருந்தது. போனில் எனக்குச் சொன்னது அத்தனையும் அதைப் பார்த்துப் படித்ததுதானாம்.

"எடுத்துட்டுப் போகாதீங்க. இங்கயே உக்காந்து எழுதிக்கிடுங்க."

லேப்டாப்பைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்தேன். நோட்டில் அரசர் வரிசை இல்லை, வருட வரிசையும் இல்லை. ஒரு சுவரில் ஆரம்பித்து, கோயிலைச் சுற்றி நடந்தபடி, கண்ணில் பட்ட வரிசையிலேயே எழுதியிருந்தார். நான் எங்கேயுமே பார்க்காத வரிசை. சுவர் வரிசை எண் என்று மூல ஷீட்டில் புதுசாக ஒரு காலம் சேர்த்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஐயா எட்டிப் பார்த்து, சத்தமாக ஒரு தடவை வாசித்துவிட்டு, நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். இருட்டுவதற்குள் பதினோரு பக்கம் முடிந்தது. மீதிக்கு இந்த மாதக் கடைசி ஞாயிறு மறுபடி போகிறேன்.